தூண்டிலும் தொழுகையும்

மீன் பிடிக்கலாமா என்று ஒரு முஸ்லிம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கடல் வேட்டையும் அதன் உணவும் நமக்கு ஹலாலாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆவது வசனம் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்துவிட்டது. அறுக்காமலே உண்ணத்தக்கவை மீனும் வெட்டுக்கிளியும் என்பதை மக்தபில் ஓதும் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ் பிராணிகளில் மீன் மட்டுமே ஆகும்; ஷாஃபிஈ மத்ஹபில் இன்னும் விசாலம் உண்டு. செதிலும் துடுப்பும் உள்ள மீனைப் பொறுத்தவரை எந்த இமாமிடத்திலும் கருத்து வேற்றுமை கிடையாது.

அப்படியிருக்க, மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். ஹலாலான ஒரு காரியத்துக்குள்ளேயும் மனிதன் வழி தவறிப் போவதற்கு வாசல்கள் இருக்கின்றன என்பதை ஒரு மாலை நேரத்தில் நாம் கண்கூடாகக் கண்டோம். வழி தவறப் பார்த்தவர்களில் நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். அதனால்தான் எழுதுகிறோம்.

ராட்டர்டாம் கரையில் ஒரு மாலை

சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில், நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் மூன்று நாட்கள் தங்கும் சந்தர்ப்பம் நமக்குக் கிடைத்தது. நம் உறவினரின் மகன் ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார். தொழுகையில் பேணுதலுள்ள பிள்ளை. அவரோடு வேலை செய்யும் துருக்கிச் சகோதரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் அவருக்குத் தூண்டில் போடக் கற்றுக் கொடுத்திருந்தார். "ஹஜ்ரத், அஸர் தொழுதுவிட்டுக் கரைக்கு வாருங்கள், இந்த ஊர் மீனைக் காட்டுகிறேன்" என்று தம்பி அழைத்தார். நாமும் போனோம்.

அவர் தேடிய மீனுக்குத் தமிழில் பெயர் இல்லை. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அதை ஸாண்டர் என்கிறார்கள். டச்சுக்காரர்கள் ஸ்னூக்பார்ஸ் என்கிறார்கள். துருக்கியிலும் ரஷ்யாவிலும் அதன் பெயர் சுதாக். ஐரோப்பாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் துறைமுகக் கால்வாய்களிலும் வாழும் நன்னீர் மீன் அது. நீண்ட உடல், சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், முதுகில் முள் விரித்த துடுப்பு, வாயின் முன்புறத்தில் நாய்ப்பல் போன்ற கூரிய பற்கள். ஒரு மீட்டர் நீளம் வரை வளர்வதும் உண்டு. சதை வெண்மையானது; முள் குறைவு; சுவையில் அந்த நாட்டினர் உயர்வாக மதிப்பது.

இந்த மீனின் கண்ணில்தான் விசேஷம் இருக்கிறது. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலத்தை அல்லாஹு தஆலா அதற்கு வைத்திருக்கிறான். மங்கலான வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் அதற்குக் கண் தெரியும். அதன் இரையான சிறு மீன்களுக்கு அந்நேரம் பார்வை குறைந்துவிடும். ஆகவே வெயில் நேரத்தில் ஆழத்தில் அடங்கிக் கிடக்கும் ஸாண்டர், சூரியன் அடையும் வேளையிலும் விடியும் வேளையிலும் இரை தேடிப் புறப்படுகிறது. தூண்டில்காரர்கள் காத்திருப்பதும் அந்த வேளைக்குத்தான்.

வாசகர்கள் இப்போதே புரிந்துகொண்டிருப்பார்கள். அது மஃரிபுடைய நேரம். அது ஃபஜ்ருடைய நேரம்.

நியூவ மாஸ் ஆற்றை ஒட்டிய பழைய துறைமுகக் கரையில் நின்றோம். தம்பி தம் கோலை நம் கையில் கொடுத்து விவரம் சொன்னார். நரம்பின் முனையில் ஈயத்தலை வைத்த ஒற்றை முள். அதில் ரப்பராலான பொய் மீன். அதைத் தூர வீசி அடிமட்டம் தொடும்வரை விட வேண்டும். தொட்டதும் நரம்பு தளரும். பிறகு கோலைச் சற்று உயர்த்தி, ரீலை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடியும் விழ விட வேண்டும். பொய் மீன் விழுகின்ற அந்தக் கணத்தில்தான் ஸாண்டர் கவ்வும். கோலில் "டொக்" என்று ஒரு தட்டு தெரியும். உடனே இழுக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தத் தட்டைக் கல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கல்லை மீன் என்று நினைத்து இழுத்து முள்ளைப் பறிகொடுப்பார்கள். நாமும் இரண்டையும் செய்தோம்.

சூரியன் அடைந்தது ஆறே முக்கால் மணி அளவில். தம்பியின் செல்போனில் பாங்கு ஒலித்தது. அதே நேரத்தில்தான் நம் கையில் முதல் தட்டும் தெரிந்தது. இழுத்தோம், தவறிவிட்டது.

"ஹஜ்ரத், ஒரே ஒரு வீச்சு, முடித்துவிட்டுத் தொழுதுகொள்ளலாம். இப்போதுதான் மீன் வரும்" என்றார் தம்பி.

"வேண்டாம், கோலை வை" என்று சொல்லியிருக்க வேண்டியவர் நாம். சொல்லவில்லை. ஏனென்றால் நம் கையும் அந்தத் தட்டின் ருசியைக் கண்டுவிட்டது. ஒரு வீச்சு பத்தாகிப் பன்னிரண்டாயிற்று. மேற்கே செம்மை வெளுத்துக்கொண்டு வந்தது. அந்நேரம் நம் உள்ளத்தில் ஒரு குரல் எழுந்தது: 'நீ பயணி. மூன்று நாள் தங்க வந்தவன். மஃரிபைப் பிற்படுத்தி இஷாவோடு சேர்த்துத் தொழ உனக்கு உன் மத்ஹபிலேயே சலுகை உண்டல்லவா?'

பதினைந்து ஆண்டுகள் கிதாபு ஓதிய நெஞ்சுக்குள்ளிருந்து வந்த குரல் அது.

சனிக்கிழமைக்காரர்கள்

அக்கணத்தில் நம்மைத் தட்டியெழுப்பியது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 163ஆவது வசனம் கூறும் வரலாறுதான். கடற்கரையோரம் வாழ்ந்த பனூ இஸ்ராயீல் கூட்டத்தார் ஒருவருக்குச் சனிக்கிழமை வேட்டையாடுவது தடுக்கப்பட்டிருந்தது. மற்ற நாட்களில் தென்படாத மீன்கள் சரியாகச் சனிக்கிழமை மட்டும் நீர்மேல் கூட்டம் கூட்டமாக வந்தன. அது அவர்களுக்குச் சோதனை. அவர்கள் என்ன செய்தார்கள்? நேராகச் சென்று கட்டளையை மீறவில்லை. சனிக்கிழமைக்கு முன்பே வலையை விரித்து வைத்தார்கள். குழி வெட்டிக் கடல் நீரைத் திருப்பி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் அள்ளிக்கொண்டார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விவரிக்கிறார்கள். 'சனிக்கிழமை நாங்கள் பிடிக்கவில்லையே' என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட நியாயம்.

அவர்களுடைய கதையை நாம் மிம்பரில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். சொல்லும்போதெல்லாம் அது அன்றைய யூதர்களின் கதையாகவே நமக்குத் தோன்றியது. ராட்டர்டாம் கரையில் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது நம்முடைய கதையும் ஆகலாம் என்பது விளங்கிற்று. தடுக்கப்பட்ட நேரத்தில் மீன் வருகிறது. அழைக்கப்பட்ட நேரத்தில் மீன் வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் சிறிதே. அவர்கள் வலையைத் திருப்பினார்கள். நாம் சட்டத்தைத் திருப்பப் பார்த்தோம்.

பயணிக்கு அளிக்கப்பட்ட சலுகை உண்மையானது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தச் சலுகையை எடுத்துத் தொழுதிருந்தால் தொழுகை கூடியிருக்கும் என்றே பிக்ஹு சட்டம் தெரிந்தவர் சொல்வார். ஆனால் நம் உள்ளம் அந்தச் சலுகையைத் தேடியது பயணத்தின் சிரமத்துக்காகவா, தூண்டிலின் மோகத்துக்காகவா? கை கால் அலுத்த பயணிக்கு ரப்பு கொடுத்த ஓய்வை, கரையில் சுகமாக நின்று கொண்டு விளையாட்டுக்கு எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர்? ஃபத்வா கூடும் என்று சொல்லக்கூடிய இடத்திலும் தக்வா வெட்கப்படும் என்பது இதுதான்.

வேட்டையின் பின்னால் போகிறவன் கவனமற்றவனாகிவிடுவான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய நூல்களில் காண்கிறோம். வேட்டை ஹராம் என்று அவர்கள் சொல்லவில்லை. அது கவனத்தைத் தின்றுவிடும் என்றே சொன்னார்கள். தூண்டிலில் இருக்கும் அபாயமும் அதுவே. நட்சத்திரங்கள் நெருங்கித் தெரியும்வரை மஃரிபைத் தாமதிக்காத காலமெல்லாம் இந்தச் சமுதாயம் நன்மையில் இருக்கும் என்ற கருத்திலும் ஒரு நபிமொழி அபூதாவூதில் உண்டு. ஜூன் மாதத்தில் அந்த நாட்டில் சூரியன் அடைய இரவு பத்து மணிக்கு மேலாகிவிடும். அந்திச் செம்மையும் நெடுநேரம் நிற்கும். 'இன்னும் வெளிச்சம் இருக்கிறதே' என்ற ஏமாற்றத்துக்கு அங்கே அதிக இடம் உண்டு.

கோலைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, நரம்பைச் சுற்று. தொழுவோம்" என்றோம். அவர் சுற்றிக்கொண்டிருந்தபோதே மீன் கவ்வியது.

முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

வாசக அன்பர்களே, அந்த மீனைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

அது சிறிய மீன். தம்பி அளவுகோலில் வைத்துப் பார்த்தார், 38 சென்டிமீட்டர். அந்த நாட்டுச் சட்டப்படி 42 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஸாண்டரை உடனே நீரில் விட்டுவிட வேண்டும். விஸ்பாஸ் என்னும் அனுமதி அட்டை வாங்கும்போதே இந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதான் ஒருவர் தூண்டில் போடுகிறார். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது இறைக்கட்டளை. ஆகவே அதை வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை.

தம்பி அதை மெதுவாக நீரில் விட்டார். மீன் போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு மேலே தெரிய மிதந்தது. அதன் வாயிலிருந்து ஏதோ பிதுங்கி வெளியே வந்திருந்தது.

காரணத்தைத் தம்பியே சொன்னார். துருக்கிச் சகோதரர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாராம். கெண்டை போன்ற மீன்களின் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்றை அவை வெளியேற்றிவிடும். ஸாண்டருக்கு அந்தக் குழாய் இல்லை. அதன் காற்றுப்பை மூடிய பை. பத்து மீட்டர் ஆழத்தில் இருந்ததை விரைவாக மேலே இழுத்தால், அழுத்தம் பாதியாகக் குறைந்து, உள்ளே உள்ள காற்று இரு மடங்காக விரிந்து, குடலையும் இரைப்பையையும் நெருக்கித் தள்ளிவிடும். அப்படிப்பட்ட மீனை விட்டாலும் அது பிழைப்பது அரிது. பழகியவர்கள் அதனால்தான் ஆழமான இடத்தில் ஸாண்டருக்குத் தூண்டில் போடுவதைத் தவிர்க்கிறார்கள். தம்பி கேட்டிருந்தார், ஆனால் புதிதாகப் பழகுகிறவரின் ஆசையில் மறந்துவிட்டார்.

நாம் மஃரிபைத் தொழுது முடித்தபோது நேரம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். மீனைக் காணவில்லை. கடற்காகம் ஒன்று கரையோரம் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

"ஹஜ்ரத், சாப்பிடவும் இல்லை, உயிரோடு விடவும் இல்லை. இந்த மீனுக்கு நாம் என்ன பதில் சொல்வது?" என்று தம்பி கேட்டார். அவர் குரல் கம்மியிருந்தது. அவருக்கு உடனே பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. ஊர் திரும்பிய பின் கிதாபுகளைப் புரட்டி யோசித்ததையே இங்கே எழுதுகிறோம். இது ஃபத்வா அன்று; தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதில் உண்டு.

மகிழ்ச்சி குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மீன் பிடிப்பதில் மகிழ்ச்சி அடைவது குற்றமன்று. குடும்பத்துக்குக் கறி தேடிச் செல்கிறவன் குளிர்ந்த காற்றையும் நீரின் ஓசையையும் அனுபவித்தால், அது அல்லாஹ் அளித்த அதிகப்படியான அருள். விவசாயிக்கு உழவில் மகிழ்ச்சி உண்டு. சமைக்கும் தாய்க்கு அடுப்படியில் மகிழ்ச்சி உண்டு. வேலை ஹலாலாயின் அதன் மகிழ்ச்சியும் ஹலால்.

கேள்வி எங்கே எழுகிறது? மகிழ்ச்சி மட்டுமே மிஞ்சி, பயன் அறவே அற்றுப்போன இடத்தில் எழுகிறது. மேற்கு நாடுகளில் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. மீனை உண்ணும் எண்ணமே இல்லாமல் பிடிப்பது. அளந்து, படமெடுத்து, திரும்ப நீரில் விடுவது. மறுநாள் மறுபடியும் பிடிப்பது. அதைச் செய்கிறவர்கள் அதைக் கருணை என்று கருதுகிறார்கள். 'நாங்கள் கொல்வதில்லையே, விட்டுவிடுகிறோமே!' என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கொல்வதைவிட விடுவது மேல் என்பது உண்மைதானே? ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், அங்கே ஒப்பிட வேண்டியது கொல்வதையும் விடுவதையும் அன்று. முள்ளைப் போடுவதையும் போடாதிருப்பதையும்தான். உண்ண வேண்டிய தேவையே இல்லாதவன் ஓர் உயிரின் வாயில் முள்ளைக் கோத்து இழுத்துவிட்டு, பிறகு அவிழ்த்துவிடுவதைக் கருணை என்று எப்படி அழைப்பது? தானே தள்ளிவிட்டுத் தானே தூக்கிவிடுகிறவனைத் தர்மவான் என்று யாரும் சொல்வதில்லை.

உயிருள்ளதைக் குறிபார்க்கும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கோழி ஒன்றைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டு, இவ்வாறு செய்பவர்களை நபியவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. ஒரு சிட்டுக்குருவியை வீணாகக் கொன்றவன்மீது அந்தக் குருவி மறுமையில் முறையிடும் என்றும், அதைக் கொல்வதானால் உண்பதற்காகவே கொல்வது அதன் உரிமை என்றும் விளங்கும் அறிவிப்புகள் நஸாயீயில் வருகின்றன. குருவிக்கு உரிமை உண்டென்றால் மீனுக்கு இல்லையா? தம்பி கேட்ட கேள்வி வெறும் மன இளக்கத்தால் எழுந்ததன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆச்சரியம் என்னவென்றால், மார்க்கத்தின் பெயரைச் சொல்லாத சட்டங்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நியாயமான காரணமின்றி எந்தப் பிராணிக்கும் வலியோ துன்பமோ கேடோ விளைவிக்கலாகாது என்பது ஜெர்மனியின் பிராணிப் பாதுகாப்புச் சட்டம். உண்பதற்காகப் பிடிப்பது அங்கே நியாயமான காரணமாகக் கொள்ளப்படுகிறது; விடும் நோக்கத்தோடு பிடிப்பது அப்படிக் கொள்ளப்படுவதில்லை. ஸ்விட்ஸர்லாந்தில் 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகள், திரும்ப விடும் எண்ணத்துடன் தூண்டில் போடுவதை வெளிப்படையாகவே தடுத்துவிட்டன. உயிருள்ள சிறு மீனை முள்ளில் குத்தி இரையாக வைப்பதை நெதர்லாந்துச் சட்டமும் தடை செய்திருக்கிறது. ஒரு பெரிய மீனின் ஆசைக்காக ஒரு சிறிய மீனை மணிக்கணக்கில் வதைப்பது அது. சட்டம் தடுக்காத நாட்டிலும் ஒரு முஸ்லிமின் கை அதற்கு நடுங்க வேண்டும்.

'மீனுக்கு வலி தெரியுமா?' என்று சிலர் கேட்பார்கள். பிரிட்டனின் ஆராய்ச்சியாளர் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டில், டிரவுட் என்னும் மீனின் வாயைச் சுற்றிக் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். அதை வலி என்று சொல்லலாமா என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதம் முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஷரீஅத் நம்மிடம் மீனின் நரம்பைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நம்முடைய நெஞ்சைப் பற்றியும் கேட்கிறது. துடிக்கும் உயிர் ஒன்றைப் பொழுதுபோக்குப் பொருளாகக் காணப் பழகிய நெஞ்சு, நாளை எதைக் கண்டுதான் இளகும்?

மறுபுறம் இன்னொரு கேள்வியும் எழலாம். வலை போடும் மீனவர் ஆயிரக்கணக்கில் பிடிக்கிறாரே, அவை மூச்சுத் திணறித்தானே சாகின்றன, அவரை விட்டுவிட்டு ஒற்றைத் தூண்டில்காரரைக் கேட்பானேன்? மீனவர் மக்களின் உணவுக்காகவும் தம் பிள்ளைகளின் பசிக்காகவும் பிடிக்கிறார். அது அனுமதிக்கப்பட்ட தேவை. எனினும் எல்லாவற்றிலும் இஹ்ஸான் விதிக்கப்பட்டிருக்கிறது, அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுக்க வேண்டும் என்ற நபிமொழி, ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வருவது, அவருக்கும் பொதுவானதே. மீனை அறுக்க வேண்டியதில்லை. அது ஷர்த்து அன்று. ஆயினும் நீரைவிட்டு எடுத்த பின் நெடுநேரம் துடித்துக் கிடக்கும் பெரிய மீனை அறுத்து, அதற்குச் சீக்கிரம் ஓய்வு கொடுப்பது சுன்னத்தானது என்று ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகள் கூறுகின்றன. நம் முன்னோர்கள் மீனின் துடிப்பைக் கூடக் கவனித்துச் சட்டம் எழுதினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்!

கூட்டைக் காக்கும் தந்தை

ஸாண்டரிடம் இன்னொரு குணம் இருக்கிறது. வசந்த காலத்தில் பெண் மீன் முட்டையிட்டுச் சென்றுவிடும். ஆண் மீன் அங்கேயே நின்று, துடுப்பால் விசிறி முட்டைகளின் மேல் அழுக்குப் படியாமல் காக்கும். கிட்டே வருவது எதுவானாலும் பாய்ந்து கடிக்கும். பசிக்காக அன்று, பிள்ளைகளுக்காக. அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் புதிதாகப் பழகுகிறவருக்கும் மீன் எளிதாகக் கிடைக்கும். ஏனென்றால் காவல் காக்கிற தந்தைக்கு ஓடத் தெரியாது. அவரைப் பிடித்து எடுத்துவிட்டால் முட்டைகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

நெதர்லாந்தில் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மே மாதக் கடைசிச் சனிக்கிழமை வரை ஸாண்டரைப் பிடிக்கத் தடை உண்டு. இந்தத் தடையை அரசாங்கத்தின் கெடுபிடியாக எண்ணி இரவில் மறைந்து போடுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் பறவை ஒன்றின் குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை இறக்கை விரித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் வந்து பார்த்து, பிள்ளையைப் பறித்து இதை வருத்தியவர் யார் என்று விசாரித்து, குஞ்சுகளைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. ரஹ்மத்துல் லில்ஆலமீனாக வந்த நபியின் உம்மத்துக்கு இந்தத் தடையைச் சொல்ல ஓர் அதிகாரி வர வேண்டுமா?

நீரும் அமானிதம்

மீன் குற்றமற்றது, அதை இடம் மாற்றுகிற மனிதன்தான் பொறுப்பாளி. துருக்கியின் எயிர்திர் ஏரியில் 1955ஆம் ஆண்டில் ஸாண்டரைக் கொண்டுவந்து விட்டார்கள். நோக்கம் நல்லதுதான், மக்களுக்கு விலை போகும் மீன் கிடைக்கட்டும் என்பது. ஆனால் அந்த ஏரிக்கே உரிய சிறு மீன் இனங்கள் சில அதன் பசிக்கு ஆளாகி மறைந்தே போயின. இங்கிலாந்தில் 1963இல் கிரேட் ஊஸ் ஆற்றின் வெள்ள வடிகால் கால்வாயில் 97 குஞ்சுகளை விட்டார்கள். அவற்றின் சந்ததி ஆறுகளுக்கும் கால்வாய்களுக்கும் பரவி, இன்று அங்கே சில இடங்களில் அதைப் பிடித்து அகற்றுகிறார்கள். மத்திய ஆசியாவின் ஆரல் கடலிலோ இதற்கு நேர்மாறு. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் கடல் வற்றி, உப்பேறி, ஸாண்டர் உள்பட மீன்வளமே 1980களில் அழிந்தது. 2005இல் கோக்கரால் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் வடபகுதியில் நீர் உயர்ந்து, அந்த மீன் மீண்டும் வந்து கஸாக் மீனவர்களின் அடுப்பு எரிகிறது. படைப்பில் ஒரு தராசு இருக்கிறது. அதில் மேலும் கீழும் கை வைப்பவன் கணக்குக் கொடுக்க வேண்டியவன்.

தம்பிக்கு எழுதிய பதில்

ஊர் திரும்பியபின் அந்தத் தம்பிக்கு நாம் எழுதியதன் சாரம் இது:

தூண்டிலை விட்டுவிட வேண்டியதில்லை. நிய்யத்தைச் சரி செய்துகொள். வீட்டுக்குக் கறி வேண்டியபோது போ. வேண்டியது கிடைத்ததும் திரும்பு. ஆழமான இடத்தைத் தவிர்த்து, ஆழம் குறைந்த கரைகளில் போடு. அப்போது சட்டப்படி விட வேண்டிய சிறு மீன் உயிரோடு போகும். முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கிவிடு, கழற்றுவது எளிதாகும். விட வேண்டிய மீனைக் கையை நனைத்துக்கொண்டு தொடு. அதன் மேல் உள்ள வழவழப்பு அதற்குப் போர்வை. நரம்பு பலமாக இருக்கட்டும், இழுபறி குறையும். எடுத்துச் செல்லும் மீனைத் துடிக்க விடாமல் விரைவில் முடித்துவிடு. குட்டி மீன்களே வரும் இடமென்று தெரிந்தால் அன்றைக்கு இடத்தை விட்டு நகர்ந்துவிடு. நாட்டின் விதிகளை மீறாதே. பிடித்ததில் ஒரு பங்கை அந்தத் துருக்கிச் சகோதரர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடு.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சூரியன் அடைவதற்குப் பத்து நிமிடம் முன்பே கோலைக் கீழே வைத்துவிடு. உளூவோடு முஸல்லாவில் நில். மீன் கவ்வுகிற நேரம் அது என்பதை நாம் அறிவோம். அதனால்தான் சொல்கிறோம். வராத மீனை விட்டுவிட்டுத் தொழுவதில் என்ன தியாகம் இருக்கிறது? வருகின்ற மீனை விட்டுவிட்டுத் தொழு. அந்த வேளையில் இரை தேடும்படி அந்த மீனுக்குக் கண்ணைக் கொடுத்தவனே, அந்த வேளையில் தன்னை நினைக்கும்படி நமக்குப் பாங்கையும் கொடுத்தான். மீன் தனக்கு விதிக்கப்பட்டதைச் செய்யப் புறப்பட்டு வருகிறது. நாமும் புறப்பட வேண்டாமா?

அந்த 38 சென்டிமீட்டர் மீனுக்கு என்ன பதில் என்று கேட்டாய். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. தவ்பாதான் இருக்கிறது. தெரியாமல் செய்ததை அல்லாஹ் மன்னிக்கக்கூடும். தெரிந்த பின்னும் செய்தால் அது வேறு கணக்கு. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட ஒரு பெண் அதன் காரணமாகவே நரகம் புகுந்தாள் என்ற நபிமொழியை நீயும் கேட்டிருக்கிறாய். அவளிடம் கேட்கப்பட்டது ஒரு பூனையைப் பற்றியே.

தம்பி மறுமொழி எழுதினார். இப்போதும் வாரம் ஒருமுறை போகிறாராம். அஸருக்குப் பின் போய், மஃரிபுக்கு முன் கோலைக் கட்டிவிடுகிறாராம். "மீன் முன்பைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது, ஹஜ்ரத்" என்று எழுதியிருந்தார்.

குறைவாகக் கிடைத்த அந்த மீனில்தான் பரக்கத் இருக்கிறது என்பது நம் உறுதியான நம்பிக்கை.

இது தூண்டில் போடுகிறவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. கடையை மூடுகிற நேரத்தில் வரும் வாடிக்கையாளர், பாங்கு சொல்லும்போது விறுவிறுப்படையும் ஆட்டம், தொழுகை நேரத்தில் சுவை கூடும் பேச்சு, எல்லாமே ஒவ்வொருவருடைய கரையிலும் அந்தி நேரத்தில் வருகிற மீன்கள்தாம். ஒவ்வொருவருடைய நெஞ்சிலும் 'ஒரே ஒரு வீச்சு' என்று ஒரு குரல் உண்டு.

ஹலாலானதைத் தேடவும், தேடும்போது எந்த உயிருக்கும் அநீதி செய்யாதிருக்கவும், அவனுடைய அழைப்பு வந்ததும் கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கவும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.